எட்டு நாள், ஒரே ஊரில் ஜாகை: மாயா நாட்டில் எங்கே தங்குவது?

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்துப் பக்கம் போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, மாயா என்ற பழங்குடி மக்கள் கட்டிய சிச்சன் இட்சா நகரத்தைப் பற்றித்தான் இருக்கும். ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வந்து போகும் இடம். கான்கூனிலிருந்து விடியலில் கிளம்பும் பேருந்துகள் முற்பகலில் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடும். பிரமிடில் ஏற அனுமதி இல்லை. நடைபாதை நெடுக ஜாகுவார் உறுமுவது போல ஊதிக் காட்டும் விசில்காரர்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்ப் பத்து மணிக்கு வெளியே வந்துவிட்டால் நல்ல இடம்தான். மிச்சமிருக்கும் நாட்களை என்ன செய்வது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

கையில் எட்டு நாள் இருக்கிறது. கூட்டமில்லாத இடிபாடுகள் வேண்டும், ஒன்றிரண்டு குகைகள் வேண்டும், மாயா மக்கள் இன்றும் வாழும் சின்ன ஊர்களையும் பார்க்க வேண்டும். எங்கே தங்குவது? முதல் முறை போனபோது எல்லாவற்றையும் ஒரு வட்டமாகச் சுற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன். ஏழு இரவு, ஐந்து ஊர். திரும்பி வந்தபோது நன்றாக நினைவில் நின்றவை வேகத்தடைகள்தான். அங்கே அதற்குத் ‘தோப்பே’ என்று பெயர். கிராமத்துக்குள் நுழையும்போது இரண்டு, தேவாலயத்துக்கு முன்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, வெளியே போகும்போது மறுபடி இரண்டு. பாதிக்கு வெள்ளைக்கோடும் கிடையாது, வண்டியின் அடிவயிறு இடித்த பிறகுதான் தெரியும். வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதனால் இரண்டாம் முறை ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து போய்ப் போய் வந்தேன். இனி யார் கேட்டாலும் அதையே சொல்வதாக இருக்கிறேன்.

அப்படித் தங்கத் தோதான இடங்கள் என்று நான்கைச் சொல்லலாம். யுகட்டான் மாநிலத்தின் கிழக்கே வயாதொலிட். அதே மாநிலத்தின் தெற்கே பூக் குன்றுப் பகுதி. அங்கே சாந்தா எலேனா, திகுல், ஒஷ்குட்ஸ்காப் மூன்றில் எதில் தங்கினாலும் சரி. கம்பேச்சே மாநிலத்தின் காட்டுக்குள் ஷ்புஹில். எல்லை தாண்டி பெலீசில் சான் இக்னாசியோ. குவாத்தமாலாவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது தனிப் பயணம்.

நான்கையும் எடை போட நான் வைத்திருக்கும் படிக்கல் தண்ணீர். யுகட்டானின் வடபகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் தரையில் ஓடாது, உள்ளே இறங்கிவிடும். ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது. நிலத்தடியில் நீர் கல்லைக் கரைத்துக் குகையாக்குகிறது. குகையின் கூரை சரிந்து விழுந்தால் அதுதான் செனோட்டே, அதாவது இயற்கையே வெட்டிய கிணறு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிக்சுலூப் என்ற இடத்தில் விழுந்த விண்கல்லின் பள்ளத்தைச் சுற்றி இந்தக் கிணறுகள் ஒரு வில்லாக வளைந்து கிடக்கின்றன. ஆக, குகையும் கிணறும் ஒரே பொருளின் இரண்டு வயது. ஊர் எங்கே எழுந்தது, குகைக்குள் எதைப் படைத்தார்கள், கட்டடத்தின் முகப்பில் யாரைச் செதுக்கினார்கள் எல்லாமே தண்ணீர் கிடைத்த விதத்தைப் பொறுத்தது.

வயாதொலிட்டில் அது எளிதாகக் கிடைத்தது. ஊருக்கு நடுவிலேயே சாசி என்ற செனோட்டே இருக்கிறது. சந்தைக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்க் குதித்துவிட்டு வரலாம். 1545இல் ஸ்பானியர்கள் இந்த இடத்துக்குக் குடிவந்தபோது சாசி என்ற மாயா ஊரின் கற்களைக் கொண்டே தங்கள் ஊரைக் கட்டினார்கள். சான் பெர்னார்தினோ மடத்துக்குள்ளும் ஒரு செனோட்டே உண்டு. பாதிரிமார்கள் கட்டடத்தைத் தண்ணீர் மேலேயே எழுப்பிக்கொண்டார்கள்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கும், ஓட்ட விரும்பாதவர்களுக்கும் இந்த ஊரை விட்டால் வேறு கதியில்லை என்றே சொல்லலாம். கொலெக்திவோ என்கிற பங்கு வேன்கள் சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்தே எல்லாத் திசைக்கும் கிளம்புகின்றன. ஆள் நிரம்பினால் புறப்படும். வடக்கே அரை மணி நேரத்தில் எக் பலாம். அங்கே அக்ரோபோலிஸ் எனப்படும் பெரிய கட்டடத்தின் மேல்பாதியில் வாய் பிளந்த ஒரு பூத முகம், பற்களோடும் இறகுள்ள மனித உருவங்களோடும், சுதை கொஞ்சமும் உதிராமல் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட உகித் கான் லெக் தோக் என்ற மன்னனின் சமாதி அதற்குள்தான் இருந்தது. சுதை என்று சொன்னால் நம்பாமல், பிற்காலத்தில் செய்து ஒட்டியதோ என்று பக்கத்தில் நின்ற ஒருவர் வழிகாட்டியிடம் சண்டைக்கே போய்விட்டார். அந்த அளவுக்குப் புதுசாக இருக்கிறது.

இந்த ஊரின் இன்னொரு பக்கம் பயணிகள் அதிகம் தொடாதது. 1847 ஜூலையில் மனுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயாத் தலைவரை இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். சில நாளில் தெற்கே தெபிச் கிராமத்தில் எழுச்சி வெடித்தது. நிலப் பறிப்பையும் வரிச்சுமையையும் எதிர்த்து எழுந்த மாயா மக்களின் அந்தப் போர் 1901 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. தெற்கே திகோசுகோ வரை போனால் முகப்பு பாதி இடிந்து, கூரை பிளந்த தேவாலயத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். போரைப் பற்றிய அருங்காட்சியகமும் உண்டு. ‘மாயாக்கள் மாயமாய் மறைந்துபோனார்கள்’ என்ற கதையை யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஊருக்கு அனுப்பிவையுங்கள். மெக்சிகோவில் இன்றும் ஏழெட்டு லட்சம் பேர் யுகட்டான் மாயா மொழி பேசுகிறார்கள். ‘தியோஸ் போட்டிக்’ என்று நன்றி சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறும். ‘கடவுள் உனக்கு ஈடு செய்யட்டும்’ என்பது போலப் பொருள். ஸ்பானியச் சாமியும் மாயா வினைச்சொல்லும் கைகோத்த சொல்.

சரி, குறை? குகைதான். சிச்சன் இட்சாவுக்குப் பக்கத்தில் பாலன்கான்சே என்ற அற்புதமான குகை இருக்கிறது. 1959இல் ஒரு வழிகாட்டி உட்சுவரைத் தட்டிப் பார்த்து மூடிக்கிடந்த அறையைக் கண்டுபிடித்தார். நடுவில் மரம் போல எழுந்து கூரையைத் தொடும் கல்தூண், சுற்றிலும் மழைத் தெய்வத்தின் முகம் வைத்த தூபக்கலங்கள். ஆனால் கொரோனா காலத்தில் மூடிய பிறகு நீண்ட காலம் திறக்காமலே கிடந்தது. 2019இல் பெரிய செய்தியான பலாம்கூ குகையில் பார்வையாளர்களுக்கு இடமே இல்லை. மிச்சமிருப்பவை நீந்துவதற்கான செனோட்டேக்கள். அவை இப்போது மிதவைச் சட்டை, உடைமாற்றும் அறை, பஃபே சாப்பாடு என்று ஒழுங்குபடுத்தப்பட்டுவிட்டன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது வரம். எனக்கு ஒன்றிரண்டோடு போதும் என்றாகிவிட்டது. ஊரும் இப்போது சுற்றுலாப் பேருந்துகள் மதியம் நின்று போகும் ஊராகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி அதன் இயல்புக்குத் திரும்புகிறது.

இங்கிருந்து மேற்கே மாநிலத் தலைநகரான மெரிடா போகிற வழியில் இசமால் என்ற மஞ்சள் ஊர் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே மஞ்சள் பூச்சு, மாயா மேடையின் மேல் கட்டிய பிரான்சிஸ்கன் மடம், இரண்டு தெரு தள்ளிக் காசில்லாமல் ஏறிப் பார்க்கக் கினிச் காக்மோ பிரமிடு. ஒரு பகல் போதும். தங்கினாலும் நஷ்டமில்லை.

அப்புறம் பூக். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும்.

‘பூக்’ என்றால் மாயா மொழியில் குன்று. தட்டையான யுகட்டானில் நிலம் லேசாகத் தலைதூக்கும் ஒரே இடம். மண் சிவப்பு, வளமானது. தீபகற்பத்திலேயே நல்ல விளைநிலம். ஒஷ்குட்ஸ்காப் சந்தையில் ஆரஞ்சு மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நிலம் உயர்ந்ததால் தண்ணீர் கீழே போய்விட்டது. இங்கே செனோட்டேக்கள் கிடையாது. மண் இருக்கிறது, தண்ணீர் இல்லை. இப்படி ஒரு சீமையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நகரத்துக்குப் பக்கத்தில் நகரமாக எழுப்பினார்கள் என்பதுதான் பூக்கின் ஆச்சரியம்.

எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் காலடியில் பார்க்கலாம். முற்றத்துத் தரையைச் சரிவாகச் சுண்ணாம்பு பூசி, நடுவில் ஒரு சின்ன வட்டத் துளை வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே குடம் போல விரிந்த தொட்டி. சுல்தூன் என்று பெயர். மழைக்காலத்தில் முற்றத்து நீரெல்லாம் அதற்குள் போகும்; முப்பதாயிரம் லிட்டர் அளவுக்குப் பிடிப்பவை உண்டு. அடுத்த மழை வரை ஒரு கூட்டுக்குடும்பம் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். லப்னாவில் ஒவ்வொரு முற்றத்திலும் இதைப் பார்த்த பிறகு கபாவுக்குப் போனால் அங்குள்ள முகமூடி மாளிகையின் கோலம் புரியும். முகப்பு முழுக்க ஒரே முகம், திரும்பத் திரும்ப, ஏறக்குறைய 250 தடவை. துதிக்கை போல வளைந்த மூக்கு. சாக், மழைக்கடவுள். அழகுக்காகச் செதுக்கியது என்று முதலில் நினைத்தேன். தொட்டிகளைப் பார்த்த பிறகு அது கெஞ்சுவது மாதிரி இருந்தது.

கெஞ்சியும் பலிக்காமல் போனது. மாயாபான் இடிபாடுகளுக்குப் பக்கத்திலுள்ள தெகோ ஊர்க் குகையில், சொட்டும் நீரால் தரையிலிருந்து வளர்ந்த ஒரு கல்முளையை எடுத்து அதன் வளையங்களை ஆராய்ந்தவர்கள், பொது ஆண்டு 800க்கும் 950க்கும் இடையே எட்டு வறட்சிகள் வந்ததாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றும் 3 ஆண்டு முதல் 18 ஆண்டு வரை. அந்தக் கல்முளைக்கு அவர்கள் வைத்த பெயரும் சாக்தான். பூக் நகரங்கள் காலியானதும் அதே காலத்தை ஒட்டித்தான். ஒரு குகையில் சொட்டிய நீர் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிய நகரத்தின் கதையைச் சொல்வதால்தான் குகை, இடிபாடு, ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர்களை நான் பூக் பக்கம் தள்ளுகிறேன்.

இடங்கள் நெருக்கமாக இருப்பது அடுத்த காரணம். பூக்கின் பெரிய இடிபாட்டு நகரமான உஷ்மால் பயணிகள் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு ஒரு காலை. அங்கிருந்து கபா, சயில், ஷ்லபாக், லப்னா என்று நான்கும் ஒரே சாலையில் வரிசையாக வருகின்றன. உஷ்மாலும் கபாவும் சயிலும் லப்னாவும் 1996இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. அப்படியும் வார நாளில் சயிலின் மூன்றடுக்கு அரண்மனைக்கு முன்னால் நானும் ஒரு உடும்பும்தான் இருந்தோம். சுமார் தொண்ணூறு அறைகள் கொண்ட கட்டடம் அது. 1840களின் தொடக்கத்தில் இங்கே வந்த அமெரிக்கப் பயணி ஸ்டீபன்சும் ஆங்கில ஓவியர் கேதர்வுட்டும் காட்டை வெட்டி வழி செய்துகொண்டு பார்த்தார்கள். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு புல்வெளியில் நடக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

குகைகளில் லோல்துன்தான் பெயர் பெற்றது. லோல் என்றால் பூ, துன் என்றால் கல். உள்ளே சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் வண்ணம் தெளித்த கைச்சுவடுகள். தோண்டியபோது அழிந்துபோன பனியுக விலங்குகளின் எலும்புகள் கிடைத்த இடம். இதுவும் கொரோனாவில் மூடி நீண்ட நாள் அப்படியே கிடந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கும் விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள், வலைத்தளத்தை நம்ப வேண்டாம். மூடியிருந்தால் மேற்கே கால்செட்டோக்குக்குப் போகலாம். நான் அதையே முதலில் சொல்வேன். மரங்கள் முளைத்த ஒரு பெரிய பள்ளம், ஏணி வைத்து இறங்க வேண்டும். விளக்கு கிடையாது, கைப்பிடி கிடையாது. வாசலில் காத்திருக்கும் உள்ளூர்க்காரர் டார்ச்சோடு வருவார். எவ்வளவு தூரம் தவழத் தயார் என்று கேட்டு அதற்கேற்றபடி ஒரு மணியோ மூன்று மணியோ அழைத்துப் போவார். உள்ளே பானை ஓடுகள், அரைகற்கள், எலும்புகள், கூரைச் சொட்டைப் பிடிக்கக் குடைந்த கல்தொட்டிகள். ‘சூகுய் ஹா’, கன்னித் தண்ணீர், வெயிலும் மனிதக் கையும் படாத நீர். பூசைக்கு அதுதான் ஆகும் என்று அவர் சொன்னார். வெளியே வந்தபோது நான் சேற்றில் உருட்டி எடுத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தேன். பக்கத்திலேயே ஒஷ்கின்டோக் இடிபாடுகள். அங்கே ஒரு கட்டடத்துக்குள் இருட்டில் வளைந்து வளைந்து போகும் அறைகள், குகையைக் கல்லால் கட்டினால் இருப்பது போல.

தெற்கே கம்பேச்சே எல்லையைத் தாண்டினால் போலொன்சேனில் இன்னொரு குகை. ஊர்க்கிணறுகள் வற்றியதும் மக்கள் அந்தக் குகைக்குள் இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள். அடிமரங்களைக் கட்டிச் செய்த எண்பதடி ஏணியில் ஆணும் பெண்ணும் தண்ணீர்ச் சுமையோடு ஏறுவதைக் கேதர்வுட் வரைந்த படம் மிகப் புகழ்பெற்றது. ஏணி இப்போது இல்லை, பள்ளம் இருக்கிறது.

ஊர்களைச் சொல்லாமல் விட முடியாது. திகுலில் குயவர்கள், செருப்புத் தைப்பவர்கள். ஒஷ்குட்ஸ்காப்பில் சந்தை. மனீ என்ற சின்ன ஊரில் ஒரு மிகப் பெரிய மடம். 1562 ஜூலை 12 அன்று அந்த மடத்தின் முன்னால் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா தெய்வ உருவங்களையும் சுவடிகளையும் குவித்துக் கொளுத்தினார். சுவடிகள் இருபத்தேழு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உலகில் இன்று மிஞ்சியிருக்கும் மாயாச் சுவடிகள் நான்கே நான்கு. அதே லாந்தாதான் பிற்பாடு மாயா எழுத்துகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைத் துணையாகக் கொண்டுதான் 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசொவ் எழுத்தின் பூட்டைத் திறக்கத் தொடங்கினார். இந்த ஆளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மடத்து வாசலில் இப்போது ஐஸ் வண்டிதான் நிற்கிறது. ஊர் முழுக்க ‘போக் சுக்’ வாசனை. புளிப்பு ஆரஞ்சில் ஊறவைத்துக் கரியில் சுட்ட பன்றிக்கறி, ஞாயிற்றுக்கிழமை மெரிடாவிலிருந்து அதற்காகவே வருகிறார்கள்.

பூக்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார் இல்லாமல் நடக்காது. மெரிடாவிலிருந்து திகுல், ஒஷ்குட்ஸ்காப் வரை வேன்கள் தாராளமாக உண்டு, ஆனால் சயிலும் லப்னாவும் இருக்கும் சாலையில் நம்பி நிற்க ஒரு வண்டியும் இல்லை. ஒரு நாளைக்கு டாக்சி பேசிக்கொள்ளலாம். இரவு எட்டு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. நீந்த இடமில்லாததால் பிள்ளைகள் இரண்டாம் நாளே முணுமுணுப்பார்கள். ஏறிப் பார்க்கும் பிரம்மாண்டப் பிரமிடும் இங்கே இல்லை.

அது வேண்டுமென்றால் ஷ்புஹில். கலக்முல் என்ற பெயருக்காகவே அங்கே போகிறார்கள், போகவும் வேண்டும். பாம்பு அரசு என்று பெயர் பெற்ற மாயா அரசின் தலைநகரம், குவாத்தமாலாவிலுள்ள திகால் நகரத்தின் பரம எதிரி. 1931இல் விமானத்திலிருந்துதான் வெளியுலகம் அதைப் பார்த்தது. நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் 60 கிலோமீட்டர் போக வேண்டும், அதற்குள் மூன்று இடத்தில் மூன்று கட்டணம். பெரிய பிரமிடின் உச்சியில் நின்றால் நாலா பக்கமும் மரத்தலைகள் மட்டுமே தெரியும். எங்கோ ஊளைக்குரங்குகள் கத்தும். ஏற விடும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. இங்கேயும் ஆறு இல்லை. மழைநீரைப் பெரிய குளங்களில் தேக்கிப் பிழைத்த நகரம்.

ஷ்புஹிலில் தங்கினால் அகழி சூழ்ந்த பெகான் ஏழெட்டு கிலோமீட்டர்தான். பூத வாயே வாசலாக இருக்கும் சிக்கன்னா அதற்கு அடுத்து. நெடுஞ்சாலையின் எதிர்ப்புறம் கொன்குவாஸ் பக்கம் ஒரு பள்ளத்துக் குகை. அந்தி சாயும் நேரத்தில் லட்சக்கணக்கான வௌவால்கள் சுழல்காற்று போல வட்டமிட்டு வெளியேறும். குகைக்குள் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம். விளிம்பில் நின்று பார்த்தாலே போதும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஷ்புஹில் ஊர்? லாரி நிற்கும் சாலையோர ஊர். தீபகற்பத்தைச் சுற்றிவரும் மாயா ரயில் 2024 இறுதியில் இந்தப் பக்கம் வந்த பிறகு வரத்து கூடிவிட்டது, என்றாலும் நிலையத்திலிருந்து இடிபாடுகளுக்கு வண்டி பிடித்தே ஆக வேண்டும். இடிபாடும் காடும் போதும், ஊர் எப்படி இருந்தால் என்ன என்பவர்களுக்கு மூன்று இரவு. எட்டு நாள் அங்கே இருந்தால் எனக்குச் சாப்பாடே அலுத்துவிடும்.

கடைசியாக சான் இக்னாசியோ. குகை மட்டுமே உங்கள் குறி என்றால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு இங்கே போங்கள். பெலீசின் மேற்கே, குவாத்தமாலா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். தண்ணீர் இங்கே ஆறாக ஓடுகிறது, குகைக்குள்ளும் ஓடுகிறது. ஆக்துன் துனிச்சில் முக்னால் என்ற குகை. ‘கல்சமாதிக் குகை’ என்று பொருள். காட்டில் முக்கால் மணி நேரம் நடை, மூன்று தடவை ஆற்றைக் கடக்க வேண்டும். குகை வாயில் நீந்தித்தான் நுழைய வேண்டும். தலைக்கவசமும் நெற்றி விளக்குமாக இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே போனதும் பாறை ஏறினால் வறண்ட பெருங்கூடம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கச் சொல்கிறார்கள். காலடியில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பானைகள், சுண்ணாம்பு படிந்து தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. பலவற்றில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை. கடைசி அறையில் சுண்ணாம்புப் படிகம் பூத்து மின்னும் ஒரு முழு எலும்புக்கூடு. ‘படிகக் கன்னி’ என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு இளைஞனுடையதாக இருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வறட்சிக் காலத்தில் மழைத் தெய்வத்துக்குக் கொடுத்த பலிகள் என்பது பரவலான கருத்து.

2012இல் ஒரு பயணியின் கையிலிருந்து கேமரா நழுவி ஒரு மண்டையோட்டின் மேல் விழுந்தது. அன்று முதல் உள்ளே கேமரா, கைபேசி எதற்கும் அனுமதி இல்லை. அதனால் உங்களிடம் காட்ட ஒரு படமும் இல்லை, இருந்தாலும் என் நினைவில் மிகத் துல்லியமாக இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது, ஆளுக்கு நூறு அமெரிக்க டாலருக்குக் குறையாது, ஆற்றில் வெள்ளம் வந்தால் அன்று குகை மூடல். மழைக்காலமான ஜூன் முதல் அக்டோபருக்குள் போகிறவர்கள் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் தகராறு உள்ளவர்கள், இடுக்கில் மூச்சு முட்டுகிறவர்கள் பார்ட்டன் கிரீக் குகைக்குப் போகலாம். சிறு படகில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் வரலாம்.

இடிபாடுகளும் குறைவில்லை. ஷுனன்துனிச்சுக்குப் பல காலமாகக் கையால் சக்கரம் சுற்றி இழுக்கும் மிதவையில்தான் ஆற்றைக் கடந்து போனார்கள். கரகோல் தொலைவு, ஒரு முழு நாள். அங்குள்ள ஒரு பலிபீடக் கல் 562இல் திகால் தோற்ற சேதியைச் சொல்கிறது. ஊரில் சனிக்கிழமைச் சந்தை கலகலப்பு. ஆங்கிலம் ஆட்சிமொழி, இரண்டு பெலீஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். பேசுவதிலும் கணக்குப் போடுவதிலும் சிரமமில்லை. செலவுதான் கடிக்கும். யுகட்டானில் இரண்டு நாள் ஆகும் பணம் இங்கே ஒரே நாளில் போய்விடுகிறது. மெக்சிகோவில் எடுத்த வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டவும் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

விசா விஷயம் ஒரு வரியில்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையிலிருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை, பெலீசின் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. யுகட்டானில் பீன்ஸ் என்று கேட்டால் பன்றிக்கொழுப்பில் வதக்கித் தருவது சாதாரணம். ‘சின் மன்தேகா’ என்று சொல்லிப் பழகுங்கள், கொழுப்பில்லாமல் என்று அர்த்தம். பூசணி விதையை வறுத்து அரைத்துத் தக்காளியோடு சேர்த்த ‘சிகில் பாக்’ ஏறக்குறைய நம் துவையல்தான். முட்டை சாப்பிடுவீர்களென்றால் வேகவைத்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டிய சோள ரொட்டி, ‘பாப்பட்சூல்’. சாயா கீரை எங்கும் கிடைக்கும். ஆபனேரோ மிளகாய்த் தொக்கைப் பார்த்து, நமக்குத் தெரியாத காரமா என்று கரண்டியால் அள்ளாதீர்கள். நான் அள்ளினேன்.

ஆக, என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வண்டி ஓட்டமாட்டீர்கள், பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் வயாதொலிட். பணம் இருக்கிறது, உடம்பும் ஒத்துழைக்கிறது, இருட்டுதான் பிடிக்கும் என்றால் சான் இக்னாசியோ. வேறு பயணத்தோடு ஒட்டிக்கொள்ள மூன்று இரவு கிடைத்தால் ஷ்புஹில். எட்டு நாளும் ஒரே இடத்தில் என்றால், தயக்கமில்லாமல் பூக்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். மெரிடாவில் காரை எடுத்துக்கொண்டு முதல் நாள் மனீ வழியாக இறங்கி, ஒஷ்குட்ஸ்காப் சந்தையில் ஆரஞ்சும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். இடிபாட்டுச் சாலையில் கடைகள் அரிது. கால்செட்டோக்குக்கு ஒரு முழு நாள், போலொன்சேனுக்கு ஒரு நாள், உஷ்மாலுக்கு ஒரு காலை. ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் தூளியில் படுங்கள். அறைச் சுவரில் அதற்கான கொக்கிகள் அடித்தே இருக்கும், இங்கே கட்டிலை விடத் தூளிக்குத்தான் மரியாதை.

லப்னாவை மட்டும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்கு மூடுவார்கள் என்பதால் மூன்றரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். அங்குள்ள புகழ்பெற்ற கல் வளைவு வாசலின் வடமேற்கு முகத்தில் இரண்டு மாடங்கள் உண்டு. ஓலைக்கூரை வேய்ந்த குடிசை போலவே கல்லில் செதுக்கியவை; சாயும் வெயில் நேராக அவற்றின் மேல் விழும். திரும்பும் வழியில் சாந்தா எலேனாவில் வேகத்தடைக்காக வண்டியை மெதுவாக்கும்போது இடப்பக்கம் வலப்பக்கம் பாருங்கள். அதே குடிசை, அதே கூரைச் சரிவு, வாசலில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.